சட்டத்தில் துரு

சட்டம் என்றதும் நம்மவர்களுக்குக் கோர்ட்டும் வக்கீலும் நினைவுக்கு வருவார்கள். நான் எழுத வந்தது இரும்புச் சட்டத்தைப் பற்றி. காருக்கு அடியில், இரு பக்கமும் நீளவாக்கில் ஓடுகிறதே, அந்தச் சட்டம். என்ஜினைத் தாங்குவது அது. சக்கரங்களின் குலுக்கல் வந்து இறங்குவது அதில். எதிரே வருகிறவன் மோதினால் முதல் அடியை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றப் பார்ப்பதும் அதுதான். ஆனால் காரின் சொந்தக்காரர் ஒரு நாளாவது குனிந்து அதன் முகத்தைப் பார்த்திருப்பாரா? மேலே பளபளவென்று பாலிஷ். உள்ளே புது உறை. முன்னே சுவாமி படம். அடியில் துரு!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகள் இதைச் சற்றுக் கவனித்துக் கேட்பது நல்லது. நமது பிரதேசம் ஏரிகளின் பிரதேசம். செம்பரம்பாக்கம் ஒரு பக்கம், புழல் ஒரு பக்கம், நடுவில் அம்பத்தூரும் கொரட்டூரும். தண்ணீர் போகிற வழியில் மனை போட்டு வீடு கட்டினோம். தண்ணீரோ தன் பழைய விலாசத்தை மறக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் வாசலிலேயே மூழ்கி நின்றன. வெள்ளம் வடிந்ததும் ஸீட்டுகளை எடுத்து வெயிலில் காயப் போட்டோம். சட்டத்துக்குள் புகுந்த சேற்றை எத்தனை பேர் நினைத்தார்கள்?

சட்டம் என்பது திடமான இரும்புப் பாளம் அல்ல. தகட்டை மடித்துச் சேர்த்த பெட்டி அது; உள்ளே வெறும் கூடு. புகுந்த நீர் வடிய அடியில் சிறு துவாரங்கள் வைத்திருப்பார்கள். சேறு அவற்றை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். துரு உள்ளிருந்து வெளியே தின்று வரும். வெளிப் பூச்சில் கொப்புளம் தெரிகிறபோது, உள்ளே கூடு பெரும்பாலும் காலியாகியிருக்கும்.

இதற்கு நாம் செய்யும் வைத்தியம் என்ன? துருவின்மேலேயே ஒரு தகட்டை வைத்து, நாலு இடத்தில் பொட்டு வைத்தாற்போல் வெல்டிங், இடுக்குகளில் பட்டி, எல்லாவற்றுக்கும் மேல் கறுகறுவென்று ஒரு பூச்சு. பிறகு, "அண்டர் கோட்டிங் புதுசு, சார்!" என்று சொல்லி அடுத்தவர் தலையில் கட்டுவது. இதற்கு ரிப்பேர் என்று பெயர். நான் இதை மோசடி என்கிறேன். துருவேறிய தகட்டில் வெல்டிங் பிடிக்காது. ஒட்டுத் தகட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி முன்னிலும் வேகமாக அரிக்கும். கறுப்புப் பூச்சு துருவைக் குணப்படுத்தவில்லை. அதை நம் கண்ணிலிருந்து ஒளித்து வைத்தது, அவ்வளவுதான்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், கடற்காற்றில் நூறு ஆண்டுகளுக்கு மேல் துருவோடு மல்லுக்கட்டியது. அதன் தூக்குப் பகுதியில் அரிப்பு முற்றியபோது, மேலே சாயம் அடித்துவிட்டு ரயிலை ஓட்டினார்களா? இல்லை. 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. ரயிலில் போகிறவர் உயிருக்குள்ள மரியாதை காரில் போகும் நம் மனைவி மக்களுக்கு இல்லையா?

"மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள்" என்று பழி போடுவது சுலபம். ஐயா, ஆவடி டாங்கி செய்த ஊர்! 1965-லேயே விஜயந்தாவை வெளியே அனுப்பிய ஊர். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ தகடும் தீப்பொறியும் அன்றாட வாழ்க்கை. இங்கே ஒரு சட்டத்தை ஒழுங்காக வெட்டி ஒட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமா? கை இருக்கிறது, கேட்கிற வாய்தான் இல்லை. "மேலோட்டமாகப் பார்த்து, ரெண்டாயிரத்துக்குள் முடித்துக் கொடப்பா" என்று நாம் பேரம் பேசினால், அவர் இரண்டாயிரம் ரூபாய்க்கு உண்டான பொய்யைத்தான் செய்து தருவார்.

நேர்மையான ரிப்பேர் எது? முதலில் பேட்டரியையும் பெட்ரோல் டாங்கியையும் அப்புறப்படுத்த வேண்டும். வெட்டும்போது வண்டி தொய்ந்துவிடாமல் சரியான இடங்களில் முட்டுக் கொடுத்து, குறுக்களவுகளை எழுதிக்கொள்ள வேண்டும். அளவு தவறினால் கதவு மூடாது. சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும். பிறகு, பளிச்சென்று நல்ல இரும்பு தெரிகிறவரை துருவை வெட்டி எறிய வேண்டும். அதே கனத் தகட்டில் துண்டு செய்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, சூடு பரவி வளையாதபடி விட்டுவிட்டு சி.ஓ.2 வெல்டிங் செய்ய வேண்டும். கடைசியில் உள்கூட்டுக்குள் மெழுகுப் பூச்சைப் பீய்ச்ச வேண்டும். வெல்டிங் சூட்டில் உள்பக்கத்துச் சாயம் எரிந்துபோயிருக்கும் அல்லவா? வடிகால் துவாரங்களை மட்டும் திறந்தே விட வேண்டும்.

"இத்தனை செலவு எதற்கு? பதினைந்து வயதானால் உடைத்துப் போடுவதுதானே!" என்பார் ஒருவர். சர்க்கார் சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுக்குப் பின் பரிசோதனை செய்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள இடம் தருகிறது. வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனி. மேற்கூட்டின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவிட்டுச் சட்டத்தை வெட்டவெளியில் வைத்தே செப்பனிடலாம். அம்பாசடருக்கும் மாருதி 800-க்கும் சட்டம் தரையோடு ஒட்டிப் பிறந்தது. வேலை கடினம், ஆனால் முடியாததல்ல. வெட்டி ஒட்ட நல்ல இரும்பே மிச்சமில்லை என்றால், அப்போது உடைத்துப் போடுவதே தர்மம். அதை இரும்பு சொல்லட்டும், காலண்டர் சொல்ல வேண்டாம்.

ஆகவே, பழைய கார் வாங்கப் போகிறவரே, சாயத்தின் நிறத்தைப் பிறகு பாருங்கள். ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, வேட்டி அழுக்கானாலும் பரவாயில்லை, கீழே படுத்துச் சட்டத்தில் குத்திப் பாருங்கள். 'டங்' என்றால் விலை பேசுங்கள். உள்ளே இறங்கினால், எழுந்து வீட்டுக்குப் போங்கள். கார் விற்கப் போகிறவரே, கறுப்புப் பூச்சு டப்பாவைத் திறக்குமுன், நாளை அந்த வண்டியில் ஏறப்போகிற குழந்தையை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.