பேஸ் கிற்றார் வாங்கப் போகும் மகளுக்கு



இம்மாதம் ஒரு தாயின் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அவருடைய மகள் பாடசாலையில் கிற்றார் பழகியவள். இப்போது ஊரிலுள்ள இசைக்குழு ஒன்று அவளைப் பேஸ் கிற்றார் வாசிக்க வரும்படி கேட்டிருக்கிறது. "கடையில் புதிது ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறாள். என்னிடம் இருக்கும் ஒரு சோடிக் காப்பை அடகு வைத்தால் வாங்கலாம். வைக்கவா?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கணவர் இல்லாமல் பிள்ளைகளை வளர்த்த வீட்டில் ஒரு சோடிக் காப்பு என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா, காப்பை வைக்க வேண்டாம். மகளை மறிக்கவும் வேண்டாம்.

நான் 2010 ஆம் ஆண்டிலிருந்து கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் பேஸ் கிற்றார் வாசித்து வருகிறேன். இத்தொழிலில் நான் கைக்கொள்ளும் விதி ஒன்றுதான். கருவி தன் விலையைத் தானே உழைத்துத் தரவேண்டும். வீட்டுச் சாமானை விழுங்கி வரும் கருவி எவ்வளவு நல்ல பெயர் பெற்றதாக இருந்தாலும் எமக்கு உதவாது.

பேஸ் கிற்றாரின் வேலை

பாட்டுக் கேட்கும்போது பேஸ் தனியாகக் காதில் விழுவதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டு அடியில்லாத பாத்திரம் போல ஆகிவிடும். சாதாரண பேஸ் கிற்றாரில் ஈ, ஏ, டீ, ஜீ என நான்கு தந்திகள் உண்டு. கிற்றாரின் தடித்த நான்கு தந்திகளின் அதே சுரங்கள்தான் இவை, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கின்றன. ஆகவே கிற்றார் பழகிய பிள்ளைக்கு இது முற்றிலும் புதிய பாடமல்ல. தாளம் பிசகாமல் வாசிக்கும் பொறுமைதான் புதிதாக வேண்டும்.

முன்னைய காலத்தில் இந்த வேலையை ஆள் உயரமான டபிள் பேஸ் செய்தது. 1951 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சாரக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தோளில் மாட்டி வாசிக்கக்கூடிய கருவி என்பதால் அது வேகமாகப் பரவியது. இன்று மலிவு விலையில் வரும் பேஸ்களில் பெரும்பாலானவை அதையும், 1960 இல் வந்த ஜாஸ் பேஸையும் பார்த்துச் செய்யப்பட்டவை. இதில் எமக்கு ஒரு நன்மை உண்டு. உதிரிப் பாகங்கள் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவரும் இருப்பார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு கரோல் கேயைப் பற்றிச் சொல்லுங்கள். 1935 இல் பிறந்த இந்த அமெரிக்கப் பெண், பதின்ம வயதிலேயே கிற்றார் வாசித்தும் கற்பித்தும் உழைக்கத் தொடங்கியவர். 1963 இல் ஒலிப்பதிவு ஒன்றுக்கு பேஸ் வாசிப்பவர் வராமற்போக, அந்த இடத்தில் அவர் பேஸை எடுத்தார். அதன்பின் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தார். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே செய்த தொழில் அது.

எதை வாங்குவது?

முதல் மூன்று மாதத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். அழைக்கிற இசைக்குழுவிடம் ஒரு பேஸ் இருக்கும். ஒத்திகைக்கு அதைத் தரும்படி கேளுங்கள். பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்கிறதா, குழு சொன்ன சம்பளத்தைச் சொன்னபடி தருகிறதா என்ற இரண்டும் அதற்குள் தெரிந்துவிடும்.

அதன்பின் பாவித்த கருவி ஒன்றைப் பாருங்கள். 2022 இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளும் தந்திகளும் விலை ஏறின. ஆகவே நன்றாகப் பேணப்பட்ட பழைய கருவிக்கு இன்று மதிப்பு அதிகம். நான் சொல்லும் அளவு இதுதான்: முதற் கருவியின் விலை, மகளுக்குக் கிடைக்கக்கூடிய பத்து நிகழ்ச்சிகளின் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. அந்தப் பணத்தையும் சீட்டுப் பிடித்தோ, குழுவின் முற்பணத்திலோ சேர்க்கலாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடனில் வாங்க வேண்டாம். இசை நிகழ்ச்சிகள் திருவிழாக் காலத்தில் குவியும், மற்ற மாதங்களில் காணாமற் போகும். தவணை அப்படிக் காத்திராது.

வழக்கமான பேஸில் தந்தியின் வாசிக்கும் நீளம் 34 அங்குலம். சிறிய கையுடைய பிள்ளைகளுக்கு 30 அங்குல அளவிலும் கருவி உண்டு. விரல்களை அதிகம் விரிக்கத் தேவையில்லை, பாரமும் பெரும்பாலும் குறைவு. சாதாரண பேஸ் 4 கிலோ வரை இருக்கும். மூன்று மணித்தியாலம் தோளில் கிடந்தால் அது 10 கிலோவாகத் தெரியும். எனவே அகலமான தோள்பட்டி வாங்குங்கள். தோளிலோ காலிலோ பழைய காயம் உள்ளவர்கள் கதிரையில் இருந்து வாசிக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. வலக்கை விரல்களில் குறை உள்ளவர்கள் பிக் எனப்படும் சிறு தகட்டால் வாசிக்கலாம். கரோல் கேயும் பிக்கால்தான் வாசித்தார்.

பழைய கருவியைப் பரிசோதித்தல்

என்னுடன் வாசிக்கும் ஒரு சகோதரிக்கு, பளபளப்பான சிவப்பு பேஸ் ஒன்றை ஒரு கடையில் விற்றார்கள். கழுத்து முறுகியிருந்தது. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். ஆகவே நிறத்தைப் பார்க்குமுன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. கருவியின் தலைப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். முன்பக்கமாக மிகச் சிறிய வளைவு இருப்பது சரி. அதைக் கழுத்துக்குள் இருக்கும் உருக்குக் கம்பியைத் திருகிச் சீர்செய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக்கூடாது. ஆனால் கயிறு போல ஒரு பக்கம் முறுகியிருந்தால் வாங்க வேண்டாம்.

2. நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு கட்டமாக அழுத்தி வாசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் 'சர்' என்று அதிர்ந்தால் அங்குள்ள குறுக்குக் கம்பி தேய்ந்திருக்கலாம் அல்லது கிளம்பியிருக்கலாம். திருத்தும் செலவை விலையில் கழிக்கக் கேளுங்கள்.

3. தந்தியை வெறுமனே மீட்டுங்கள். பிறகு 12 ஆவது கட்டத்தில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே சுத்தமாகக் கேட்கவேண்டும். சிறிது பிசகினால் அடியிலுள்ள பிரிட்ஜில் சரிசெய்யலாம்.

4. வயரைச் செருகி, ஒலி கூட்டும் குமிழைத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் துப்புரவு செய்தால் போய்விடும். குமிழைச் சாட்டி விலையைக் குறைக்கலாம்.

5. முறுக்காணிகள் வழுக்குகின்றனவா என்று பாருங்கள். சுருதி சேர்த்துப் பத்து நிமிடம் வாசித்தபின் மீண்டும் சுருதியைப் பார்த்தால் தெரியும்.

சில பேஸ்களுக்குள் 9 வோல்ற் பற்றறி இருக்கும். வயரைச் செருகியவுடன் அந்தப் பற்றறி வேலை செய்யத் தொடங்கும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றாவிட்டால் அது இறங்கிவிடும். முதற் கருவிக்குப் பற்றறி இல்லாத வகையே போதும்.

தந்தியும் அம்பிளிபயரும்

வியர்வையும் கடற்காற்றும் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஒவ்வொரு தடவையும் வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தட்டையான சுற்றுள்ள தந்திகள் விலை கூடியவை, ஆனால் நீண்ட காலம் உழைக்கும், விரலுக்கும் மிருதுவானவை. உலகப் புகழ்பெற்ற பேஸ் கலைஞரான ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தாலன்றி மாற்ற மாட்டார் என்று பெயர் பெற்றவர். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை புதுத் தந்தி கேட்கும் மகளிடம் இதை நீங்கள் சொல்லலாம்.

பெரிய அம்பிளிபயர் வாங்க அவசரப்படாதீர்கள். வீட்டில் பழக 15 முதல் 30 வாற் வரையான சிறிய பேஸ் அம்பிளிபயர் போதும். மேடையில் டி.ஐ. பெட்டி என்ற சிறு பெட்டி மூலம் பேஸின் ஒலியை ஒலி அமைப்பாளரின் மிக்சருக்கு நேரே அனுப்பலாம். சனத்துக்குக் கேட்பது அவருடைய பெரிய ஸ்பீக்கரில்தான். வீட்டு வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரில் பேஸைச் சத்தமாக வாசிக்க விடாதீர்கள். அதன் தாள் கிழிந்துவிடும். மிச்சப்படும் காசில் நல்ல வயர் இரண்டு வாங்குங்கள். ஒன்று மேடையில் இறந்தால் மற்றது காப்பாற்றும்.

உயிரும் காதும்

இது மிகவும் முக்கியமானது. மின்சாரக் கிற்றாரின் தந்திகள் வயர் வழியாக அம்பிளிபயரின் ஏர்த்துடன் தொடுக்கப்பட்டிருக்கும். ஏர்த் சரியில்லாத மேடையில் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் ஒரே நேரத்தில் பட்டால், மின்சாரம் உடலூடாகப் பாயலாம். 1972 இல் பிரித்தானியாவின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிற்றார் கலைஞர் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். மைக்கின் ஏர்த் சரியாக இருக்கவில்லை.

எங்கள் திருவிழா மேடைகளில் ஜெனரேற்றரும் மழை ஈரமும் சேர்ந்தே வரும். ஆகவே மூன்று முள் பிளக்கில் ஏர்த் முள்ளை ஒருபோதும் உடைக்கவோ கழற்றவோ விடாதீர்கள். ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பையே கேளுங்கள். வெறுங்காலுடன் ஈர மேடையில் நிற்க வேண்டாம். தந்தியில் கை வைத்தபடி மைக்கைத் தொடுமுன், அதை மின் சோதனைப் பேனையால் பார்த்துத் தரும்படி ஒலி அமைப்பாளரிடம் கேளுங்கள். "பயந்தவள்" என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது காது. செல் சத்தத்துக்குப் பின் காதில் ஓயாத இரைச்சலுடன் வாழ்பவர்கள் எங்களுக்குள் பலர். இரைச்சல் 85 டெசிபலில் இருந்தால் 8 மணித்தியாலம் தாங்கலாம் என்பது தொழிற் சுகாதாரக் கணக்கு. 100 டெசிபலில் அது 15 நிமிடமாகக் குறைந்துவிடுகிறது. மேடையில் ட்ரம்ஸ் தட்டின் அருகே நின்றால் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மருந்துக் கடையில் வாங்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் பெரிய செலவில்லை. மகளின் கிற்றார் உறைக்குள் இரண்டு சோடி வையுங்கள்.

சம்பளத்தைப் பேசுதல்

குழுவில் சேருமுன் நான்கு விடயங்களை ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஓர் இரவுக்குச் சம்பளம் எவ்வளவு? முற்பணம் எவ்வளவு, மிகுதி எப்போது? நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுபவர் யார்? மேடையில் கருவி உடைந்தால் திருத்துவது யார் செலவில்? இவற்றைக் கேட்டால் குழுவினர் கோபிப்பார்கள் என்று தயங்க வேண்டாம். நல்ல குழு தயங்காமல் எழுதித் தரும். எழுத மறுக்கும் குழுவில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

மகளிடம் ஒரு கணக்குக் கொப்பியும் கொடுங்கள். வந்த சம்பளம், தந்திக்கும் பயணத்துக்கும் போன செலவு, மிச்சம் என்று எழுதட்டும். கருவியின் விலை அந்த மிச்சத்தில் திரும்பி வந்த பிறகு, அவள் விரும்பினால் இன்னும் நல்லதொன்றைத் தன் உழைப்பிலேயே வாங்கலாம். அப்போது நிறத்தையும் அவளே தெரிவு செய்யட்டும்.