துரோகி என்று எழுதச் சொன்னார்கள்

போன மாதம் ஒரு விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டவர் எனக்கு வேண்டியவர், வயதில் இளையவர். "ஐயா, நம்ம பக்கத்துப் பழைய சங்கதியெல்லாம் உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்" என்று சொல்லி ஆளை மடக்கிவிட்டார். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'துரோகத்தால் வீழ்ந்த பூலித்தேவர்'. எழுதிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து, மாபூஸ்கான் வருகிற பத்தியை மட்டும் எடுத்துவிடலாமா என்று போன் வந்தது. "எடுத்தால் மொத்தத்தையும் எடுத்துருங்க தம்பி" என்றேன். எடுத்துவிட்டார்கள். அதனால் அதை இங்கே எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று வரிசையாக ஊர்கள் வரும். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே போவோம். 1750களில் இந்த வழி நெடுகப் பாளையக்காரர்களின் கோட்டைகள். வாசுதேவநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி நெற்கட்டும்செவல், பூலித்தேவரின் ஊர். மதுரையிலிருந்து மேற்கு ஓரமாக வருகிற படைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் வாசல். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வரி கேட்டார். வசூலிக்கக் கம்பெனிப் பட்டாளத்தைக் கூட்டிவந்தார். தர மாட்டேன் என்றவர்களில் முதல்வர் பூலித்தேவர். இதுவரை மலர்க்காரர்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் சேர்ந்து தெற்கே வந்தார்கள். நெற்கட்டும்செவல் கோட்டையை உடைக்கப் போதுமான பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. திரும்பிப் போனார். மாபூஸ்கான் மட்டும் திருநெல்வேலிச் சீமைக்குப் பொறுப்பாகத் தங்கினார். அவர் ஆட்களைப் பூலித்தேவரும் திருவிதாங்கூர்ப் படையும் சேர்ந்து களக்காட்டில் அடித்தார்கள். மறு வருடம் திருநெல்வேலிப் பக்கம் நடந்த சண்டையில் மாபூஸ்கான் ஜெயித்தார். ஆக இருவரும் ஜென்மப் பகையாளிகள் என்றுதானே நினைப்போம்? அடுத்த ஓரிரு வருடங்களில் மாபூஸ்கானுக்குத் தம்பியோடும் கம்பெனியோடும் முறிந்தது. மனிதர் நேரே எங்கே போனார் என்கிறீர்கள்? நெற்கட்டும்செவலுக்கு. பூலித்தேவர் கதவைத் திறந்து சேர்த்துக்கொண்டார்.

மலரில் இருக்கக் கூடாது என்றார்களே, அந்தப் பத்தி இதுதான். எனக்கென்னவோ பூலித்தேவரின் புத்திசாலித்தனம் முழுவதும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. மாபூஸ்கானிடம் படை பெரிதாக மிஞ்சவில்லை. ஆனால் பெயர் இருந்தது. நவாபின் சொந்த அண்ணனே என் பக்கம் நிற்கிறார் என்றால், பாளையக்காரனின் கலகம் நவாப் குடும்பத்துப் பங்காளிச் சண்டையாகிவிடும். தயங்கி நிற்கும் மற்றப் பாளையங்களும் துணிந்து சேரலாம். மாபூஸ்கானுக்கு வேண்டியது தங்க ஒரு கோட்டையும் காவலுக்கு ஆட்களும். இவரிடம் இல்லாதது அவரிடம், அவரிடம் இல்லாதது இவரிடம். மதமும் குலமும் பாஷையும் அந்த வாசலில் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் பூலித்தேவர் இன்னும் சீக்கிரம் தோற்றிருப்பார்.

இனி 'துரோகி' பட்டம் கட்டச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். திருவிதாங்கூர். 1759இல் யூசுப்கான், நம்மவர்கள் சொல்லும் கான்சாகிபு, கம்பெனிக்காகச் சென்னை முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டுத் தெற்கே திரும்பினார். வந்ததும் அவர் செய்த காரியம், களக்காட்டைத் திருவிதாங்கூருக்கு விட்டுக்கொடுத்து ராஜாவைத் தன் பக்கம் இழுத்தது. நாலு வருடம் முன்பு பூலித்தேவரோடு நின்ற படை, இப்போது கான்சாகிபோடு சேர்ந்து மலையடிவாரத்தில் இறங்கி வடகரையை அடித்தது. வடகரைப் பாளையக்காரர் பூலித்தேவரிடம் ஓடிவந்தார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் விழுந்தன.

ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, சுவாமியின் தாசன் என்று ஆண்ட வம்சம் அது. அவர்கள் படையைப் பழக்கிய தளபதியோ குளச்சலில் 1741இல் சிறைபிடித்த டச்சுக்காரர் டிலனாய். கூட்டுச் சேர்ந்தது, இந்துவாகப் பிறந்து முஸ்லிமாகி வெள்ளைக்காரக் கம்பெனியில் சம்பளம் வாங்கிய ஒருவரோடு. எதிரே இருந்ததும் இன்னொரு இந்துத் தலைவர். இதை மதச் சண்டையாக எழுதப் பார்க்கிறவர்கள் எந்தப் பக்கத்தில் நின்று எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. களக்காட்டைப் பார்த்தால் புரிந்துவிடும். மலைக்கு இந்தப் பக்கத்து நன்செய் திருவிதாங்கூருக்கு வேண்டியிருந்தது. 1755இல் அதற்குப் பூலித்தேவர் உதவினார். 1759இல் கான்சாகிபு எழுதியே கொடுத்தார். திருவிதாங்கூர் கடைசிவரை மாறவே இல்லை. அது நின்றது களக்காட்டின் பக்கம்.

கான்சாகிபுக்கும் இதே கணக்குத்தான் திரும்பி வந்தது. சில வருடத்தில் அவரும் திருவிதாங்கூரும் மோதிக்கொண்டார்கள்; ராஜா நவாப் பக்கம் சாய்ந்தார். கம்பெனி தந்த தங்கப் பதக்கத்தை வாங்கியவர், 1763இல் கம்பெனியை எதிர்த்து மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றினார். சென்னை முற்றுகையில் அவர் எதிர்த்துச் சுட்ட அதே கொடி! பாவம், அந்த வருடம் பிப்ரவரியிலேயே பாரிஸில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கொடி மட்டும் இருந்தது, பின்னால் ராஜ்யம் இல்லை. 1764 அக்டோபரில் கோட்டைக்குள் இருந்த மார்ஷான் என்ற பிரெஞ்சுத் தளபதியும் வேறு சிலரும் சேர்ந்து அவரைக் கட்டிப்பிடித்து ஒப்படைத்தார்கள். 15ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். வத்திராயிருப்புப் பக்கம் உள்ள கான்சாபுரத்தின் பெயரை இவரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

மார்ஷான் செய்தது துரோகம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே இருந்து, உப்பைத் தின்று, கூட நின்றவனைக் கட்டிக் கொடுத்தது அது. அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அரசு இன்னோர் அரசோடு காரியத்துக்காகச் சேர்ந்து, காரியம் முடிந்ததும் பிரிவதற்கு அந்தச் சொல் பொருந்தாது. நம் பாட்டிமார்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள்: ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. கரையேறிய பிறகு அண்ணன் போய்விட்டானே என்று அழுகிறவன், ஆற்றில் இறங்கும்போது கணக்குப் பார்க்காதவன்.

"அப்படின்னா கொள்கையே கிடையாதா ஐயா?" என்று தம்பி போனில் கேட்டார். உண்டு. ஆனால் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவன் கை கொடுப்பவனின் கொள்கையைக் கேட்பதில்லை. 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட ஸ்டாலின், 1941 ஜூனில் ஹிட்லர் படை எல்லை தாண்டியதும் சர்ச்சிலோடு கை கோத்தார். கம்யூனிசத்தைத் தொலைத்துக்கட்ட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பேசிய சர்ச்சில் அந்தக் கையைப் பிடித்தார். ஏகாதிபத்தியப் போர் என்று நம்மூர்த் தோழர்கள் திட்டிக்கொண்டிருந்த யுத்தம் சில மாதங்களில் மக்கள் யுத்தமானது. நம் தோழர்களிடம் எனக்கு உள்ள வருத்தம், மாறியதற்காக இல்லை. உயிர் பிழைக்க மாறினோம் என்று சொல்லாமல் அதையும் ஒரு தத்துவமாக்கினார்களே, அதற்காக. நேதாஜி ஜப்பானோடு சேர்ந்ததும் இப்படித்தான். மலேயாத் தமிழர்கள் அவர் படையில் சேர்ந்த அதே காலத்தில், தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துக்கொண்டுபோய் சயாம் ரயில் பாதையில் சாகவிட்டது அதே ஜப்பான். நேதாஜியின் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

நம் கண்ணெதிரே நடந்ததும் உண்டு. 1989இல் பிரேமதாசா இந்திய அமைதிப்படையை வெளியேற்றுவதற்காகப் புலிகளோடு பேசினார், ஆயுதமும் கொடுத்தார். சிங்கள அரசும் புலிகளும் ஒரே வரிசையில்! டீக்கடையில் தினத்தந்தியை வைத்துக்கொண்டு நாங்கள் நம்ப முடியாமல் படித்தோம். 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறினான். ஜூனில் இருவருக்கும் மறுபடி யுத்தம். 1993 மே தினத்தன்று பிரேமதாசா குண்டில் செத்தார்.

ஒரு மலரில் ஒரு பத்தி போனால் என்ன, இதற்கு ஏன் இந்தக் கிழவன் இத்தனை கோபப்படுகிறான் என்று கேட்கலாம். 1997 ஞாபகம் இருக்கிறவர்கள் கேட்க மாட்டார்கள். வீரன் சுந்தரலிங்கம் பெயரைப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தபோது நம் பக்கம் பட்ட பாடு! பஸ் ஓடாத நாட்கள், சாயங்காலமே சாத்திய கடைகள். கடைசியில் அரசாங்கம் எல்லாக் கழகங்களிலும் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்போதுதான். முன்னோர்களுக்குச் சாதி பிரித்துக் கொடுத்து, நம் ஆள் மட்டும் சுத்தம், பக்கத்துத் தெருக்காரன் தாத்தா துரோகி என்று வருடாவருடம் மலர் போட்டதன் வட்டி அது. இன்றைக்கு ஒரே போஸ்டரில் பூலித்தேவரையும் கட்டபொம்மனையும் தோளோடு தோள் நிறுத்துகிறார்கள். பூலித்தேவர் காலத்தில் மேற்கத்திப் பாளையங்கள் ஒரு கட்சி, கிழக்கத்திப் பாளையங்கள் வேறு கட்சி. அன்று பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தவர்கள் பூலித்தேவர் கூட்டில் சேரவில்லை. அவர்களையும் துரோகி என்று எழுதலாமே? எழுத மாட்டார்கள். போஸ்டர் கெட்டுவிடும். ஆக அவர்கள் கணக்கில் துரோகி என்பது செயலுக்கான பெயரே இல்லை. இன்றைக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவனுடைய தாத்தாவுக்கு வைக்கிற பெயர்.

மலர் வந்துவிட்டது. மரியாதைக்கு ஒரு பிரதி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார் தம்பி. என் கட்டுரை இருந்திருக்க வேண்டிய இரண்டு பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரமும் ஒரு வாழ்த்துச் செய்தியும் இருந்தன. காபி குடித்துக்கொண்டே, "மாபூஸ்கான் எத்தனை நாள் ஐயா அங்க இருந்தாரு?" என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த வருட மலருக்கா என்றேன். இல்லையாம்; அவருக்கே தெரிந்துகொள்ள வேண்டுமாம். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன்.