வீட்டுப் புகையிலைக்கு எச்சரிக்கை சொல்வது யார்?

கடையில் விற்கும் புகையிலைப் பொட்டலத்தின் முகப்பில் 85 விழுக்காட்டு இடத்தை எச்சரிக்கைப் படமும் வாசகமும் நிரப்ப வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதி. 2003-ஆம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையங்களைச் சுற்றி நூறு கஜ தூரத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2012-இல் மகாராஷ்டிர அரசு குட்காவுக்குத் தடை விதித்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் இவற்றின் எல்லை கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. வீட்டுப் புறக்கடையில் வளர்த்துப் பறித்த இலைக்கும், வீட்டு அடுப்பில் வறுத்து இடித்த பொடிக்கும் உறை இல்லை. உறை இல்லாத இடத்தில் எச்சரிக்கையும் இல்லை. அக்குறையை நிரப்பும் பொறுப்பு ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்குமே உரியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மும்பை நகரில் இப்பொறுப்பு மிகப் பெரிது. மகாராஷ்டிர இல்லங்களில் 'மிஸ்ரி' என்னும் பொடி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. புகையிலையைச் சூடான இரும்புத் தட்டில் கருக வறுத்து, பொடித்து, விரலால் தொட்டுப் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பது இதன் முறை. 1990-களின் முற்பகுதியில் மும்பையில் 35 வயதுக்குக் குறையாத 99,598 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. அவர்களுள் புகைப்போர் மிகச் சிலரே. 2016–17-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, மகாராஷ்டிரத்தில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 26.6 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்தினர். புகைத்தோர் 3.8 விழுக்காடு, மென்றோ, தேய்த்தோ, அடக்கியோ பயன்படுத்தியோர் 24.4 விழுக்காடு. எனவே, 'பீடி, சிகரெட்டு தீது' என்று மட்டும் போதிக்கும் பாடம் இந்நகரில் பெரும்பாலோரைத் தொடாமலே போய்விடுகிறது.

தோல் பதனிடும் தொழிலை நாடி வந்து தாராவியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும், மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழரும் இச்சூழலில்தான் வாழ்கின்றனர். வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்ப்பது நம்மவருக்கும் பழையதொரு வழக்கமே. ஊரிலிருந்து வந்த புகையிலைக் காம்பும், அண்டை வீட்டாரின் பல்பொடியும் ஒரே சந்தில் சந்திக்கின்றன.

இங்கு நாம் ஆராய வேண்டுவது ஒரு நம்பிக்கையை. 'கடைச் சரக்கில் கலப்படம் உண்டு. நாமே வளர்த்து, நாமே பதப்படுத்தினால் தூய்மையானது, தீங்கற்றது' என்பதே அது. செடியின் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் கவனித்தால் இந்நம்பிக்கை நிலைக்காது.

புகையிலை வளர்ப்பது அரிய செயலன்று. ஒரு கிராம் விதையில் ஏறத்தாழ பத்தாயிரம் விதைகள் இருக்கும். தக்காளி வளரும் தொட்டியில் இதுவும் வளரும். ஆனால் இச்செடியின் நஞ்சு வெளியிலிருந்து கலந்ததன்று. நிகோடின் என்னும் அப்பொருளைச் செடியே தன் வேரில் ஆக்கி, இலைக்கு அனுப்புகிறது. பூச்சிகள் இலையைத் தின்னாதிருக்க அதுவே காவல். 1940-களில் ஆராய்ச்சியாளர்கள் புகையிலை வேரின்மீது தக்காளித் தண்டை ஒட்டு வைத்தபோது, தக்காளி இலையிலும் நிகோடின் காணப்பட்டது. தக்காளி வேரின்மீது வைத்த புகையிலைத் தண்டிலோ அது மிகக் குறைந்தே இருந்தது. மேலும், பூங்கொத்தைக் கிள்ளிப் பக்கக் கொழுந்துகளை ஒடித்தால் இலை தடித்து, அதிலுள்ள நிகோடினும் மிகுகிறது. எனவே, பூச்சிமருந்து தெளிக்காமல் பேணி வளர்த்த செடியிலும் நஞ்சு குறைவதில்லை.

அடுத்தது அறுவடை. பச்சை இலையில் பனியோ மழை நீரோ படிந்திருக்கும்போது நிகோடின் அந்நீரில் கரைந்து, பறிப்பவரின் தோல் வழியே உடலுக்குள் செல்லும். குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், தலைவலி ஆகியவை அதன் அறிகுறிகள். இதனைப் 'பச்சைப் புகையிலை நோய்' என்பர். அகமதாபாதிலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியப் புகையிலை வயல்களில் உழைப்போரிடையே இதனை ஆராய்ந்துள்ளனர். வாழ்நாளில் ஒரு நாளும் புகையிலையை வாயில் வைக்காதவருக்கும் இந்நோய் வரும். உடல் எடை குறைந்த குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி.

பின்னர்ப் பதப்படுத்தல். நம் நாட்டில் இக்கலை நன்கு வளர்ந்தது. ராஜமகேந்திரபுரத்தில் 1947-இல் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையமும், 1948-இல் திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் மெல்லும் புகையிலைக்கான ஆராய்ச்சிப் பண்ணையும் தோன்றின. வெயிலில் உலர்த்தலும், அடுக்கிப் புழுங்க வைத்தலும் இலைக்கு நிறமும் மணமும் காரமும் தருவன. ஆயினும் பதம் என்பது சுவையைக் குறிக்கும் சொல்; பாதுகாப்பைக் குறிப்பதன்று. இலை உலர்ந்து புழுங்கும் காலத்தில் நுண்ணுயிர்கள் அதிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டு நிகோடின் முதலியவற்றோடு சேர்ந்து நைட்ரோசமீன்கள் என்னும் புற்றுநோய்ப் பொருள்களை உண்டாக்குகிறது. அவ்விலையை மிஸ்ரிக்காகக் கருக வறுக்கும்போது பென்சோபைரீன் போன்ற, கரியில் பிறக்கும் நச்சுகளும் சேர்கின்றன. இவற்றை யாரும் கலக்கவில்லை. வீட்டு அடுப்பே இவற்றை ஆக்குகிறது.

விளைவு என்ன? மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2004-இல் வெளியாயிற்று. புகையற்ற புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும், ஏறத்தாழ ஆறு நாள் முன்னதாகவும் பிறந்தன. குறைப்பிரசவமும் அவர்களிடையே மிகுந்திருந்தது. புகையற்ற புகையிலை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதே என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதி கூறியுள்ளது. மாதுங்காவிலிருந்து சிறிது தொலைவிலுள்ள பரேலில், 1941 முதல் இயங்கும் டாட்டா நினைவு மருத்துவமனையில் வாய்ப் புற்றுநோயாளிகளின் வரிசை இன்னும் குறையவில்லை.

புகையிலை பயிரிட்டுப் பிழைக்கும் உழவர்மீது குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு மாற்றுப் பயிரும் மாற்று வருவாயும் தேடுவது வேறொரு பெரிய பணி. ஆனால் பிழைப்புக்கும் தொடர்பின்றி, வீட்டிலும் பள்ளித் தோட்டத்திலும் இச்செடியை வைப்பதற்கு நியாயம் இல்லை. 'புகையிலைக் கஷாயம் பூச்சிகளைக் கொல்லுமே' எனச் சிலர் கேட்கலாம். கொல்லும்; ஆனால் பூச்சிக்கு நஞ்சானது அதனைக் காய்ச்சும் மாணவனுக்கும் நஞ்சே. நிகோடின் சல்பேட்டை நம் நாட்டில் பயன்படுத்துவதை அரசு 1992-இல் விலக்கிவிட்டது. மேலும், 1935-இல் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட வைரஸான புகையிலைத் தேமல் நோய்க் கிருமி, உலர்ந்த இலையிலும் உயிர்ப்புடன் தங்கி, கை வழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் பரவும். வேப்பங்கொட்டைச் சாறு இருக்கையில் இத்தொல்லை எதற்கு?

இனிச் செய்ய வேண்டுவது யாது? களப்பணியாளர் கர்ப்பிணியின் பதிவேட்டை நிரப்பும்போது, 'புகையிலை பயன்படுத்துகிறீர்களா?' என்று கேட்டால், 'இல்லை' என்ற விடையே வரக்கூடும். மிஸ்ரி தேய்ப்பவர் அதனைப் பல்பொடி என்றே எண்ணுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. 'பல் துலக்குவது எதனால்? நாளைக்கு எத்தனை முறை? பொடியை வீட்டில் வறுப்பது யார்?' என்று கேட்பதே முறை. ஒரு நாளில் ஐந்தாறு முறை பல் துலக்குபவரைக் காண்போமாயின், துலக்கத் தூண்டுவது பல்லன்று, நிகோடின் என்பது அவருக்கே விளங்கும்படி எடுத்துரைக்கலாம்.

ஆசிரியர்கள் இதனை ஒழுக்கப் பாடமாக அன்றி விஞ்ஞானப் பாடமாகவே கற்பிக்க வேண்டும். ஒட்டுச் செடிச் சோதனையும், நைட்ரேட்டின் மாற்றமும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு எட்டாதவை அல்ல. ஆனால் தாயையோ பாட்டியையோ குற்றவாளியாக்கும் சொல் வகுப்பறையில் எழலாகாது. அறுபது ஆண்டுப் பழக்கத்தைப் பேரக்குழந்தையின் கண்டிப்பு மாற்றாது. மூத்தவர் பொடியை மறைத்து வைக்கத் தொடங்குவதே பயனாகும். விடும்போது வரும் எரிச்சலும் தலைவலியும் நிகோடின் பழக்கத்தின் அடையாளங்கள், சில வாரங்களில் தணிவன என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். துணை வேண்டுவோர் 1800-11-2356 என்னும் தேசிய உதவித் தொலைபேசியைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

பொட்டலத்தின் படம் எல்லோருக்கும் ஒரே சொல்லைச் சொல்கிறது. வீட்டுக்குள் செல்லும் பணியாளரோ அவ்வீட்டாரின் மொழியில், அவ்வீட்டின் அடுப்பைப் பற்றியே பேச இயலும். அச்சிட்ட எச்சரிக்கையைவிட வலிமையுள்ள கருவி நம் ஊழியர் கையில் இருக்கிறது. அதனை எடுத்துப் பயன்படுத்துவதே எஞ்சியுள்ளது.