எதனோடு ஒப்பிட்டு?

தூய நீரின் மேல் ஸ்டியரிக் அமிலத்தை ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரப்ப முடியும். அந்தப் படலத்தின் தடிமன் சுமார் 2.5 நானோமீட்டர், தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! மூலக்கூறுகள் யாவும் ஒரே பக்கம் தலைவைத்து நிற்பதால், நீர்ப்பரப்பின் மின்னழுத்தம் சில நூறு மில்லிவோல்ட் மாறிவிடுகிறது.

இதைத் தொட்டு அளக்க முடியாது; தொட்டால் படலம் குலைந்துவிடும். வழி காட்டியவர் கெல்வின் பிரபு. உலோகங்களை ஒப்பிட அவர் 1898-இல் விவரித்த முறையில், தகட்டை அதிரச் செய்யும் மாற்றத்தை ஜிஸ்மன் 1932-இல் புகுத்தினார். படலத்துக்குச் சற்று மேலே ஓர் உலோகத் தகடு, கீழே நீர். இரண்டையும் கம்பியால் இணைத்தால் ஒரு மின்தேக்கி கிடைக்கிறது. இரு பரப்புகளின் மின்னியல்பும் வேறாதலால் அதில் மின்னூட்டம் சேர்கிறது. தகடு மேலும் கீழும் அதிரும்போது மின்தேக்குத்திறன் கூடிக் குறைகிறது. கம்பியில் மின்னோட்டம் வந்து வந்து போகிறது. எதிராக ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, அந்த மின்னோட்டத்தைச் சுழியாக்குகிறோம். கொடுத்த மின்னழுத்தமே விடை.

எதற்கு விடை? தகட்டுக்கும் பரப்புக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டுந்தான். தகடு தங்கமானாலும் அதில் ஈரமும் எண்ணெய்ப் பசையும் படியும், அளவும் நகரும். ஆகவே முதலில் வெறும் நீரை அளந்து, பிறகு படலத்தைப் பரப்பி அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, இந்த ஒழுங்கு நம் செய்முறைக் குறிப்பேடுகளில் இருக்கிறதா? மின்னழுத்தமானிச் சோதனையிலும் சுழி காட்டும் இடத்தைத்தான் தேடுகிறோம். ஒரு மின்கலத்தை மற்றொன்றோடுதான் ஒப்பிடுகிறோம். ஆனால் கடைசி வரியில் வெறும் எண்ணை எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம். எதனோடு ஒப்பிட்டது என்று எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் தரக்கூடாது என்பது என் கருத்து. ஏற்கெனவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். நியாயந்தான், ஆனால் இது அரை வரி வேலை.

அந்த அரை வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? சாதாரணக் கொழுப்பு அமிலப் படலம் நேர்க்குறி காட்டும். அதே அமிலத்தின் வால்நுனியில் ஹைட்ரஜனுக்குப் பதில் புளோரின் அணுக்களை வைத்தால் எதிர்க்குறி வரும். வெறும் நீரின் அளவைக் கழிக்காமல் விட்டவருக்கு அந்தக் குறி வாலிலிருந்து வந்ததா, அழுக்குப் படிந்த தகட்டிலிருந்து வந்ததா என்று தெரியவே தெரியாது.