கூடி வாழ்ந்தால் கோடி நன்மையா?

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். வடஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது வெறும் பழமொழியன்று; வாழ்க்கை நெறி. ஊரும் உறவும் தொலைவிலிருக்க, மொழி வேறாகிய நகரில் குடும்பம் ஒன்றே நமக்கு அரணாக நின்றது. அந்த அரணுக்குள் நடப்பதை வெளியே பேசலாகாது என்னும் எழுதாத சட்டமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. அச்சட்டத்தை எதிர்க்கவே இதனை எழுதுகின்றோம். எழுதத் தூண்டியது ஒரு கன்னடக் குறுநாவல்.

விவேக் ஷான்பாக் எழுதிய ‘காச்சர் கோச்சர்’ 2013-இல் வெளிவந்தது. ஸ்ரீநாத் பேரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015-இல் வந்தது, கே. நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கின்றது. நம் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் ஒரு பெயருண்டு. 1894-இல் கன்னட - ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானியர் பெர்டினாண்டு கிட்டலின் நினைவாக அமைந்த பெயர் அது. ஆனால் அவ்வறிஞரின் அகராதியைப் புரட்டினாலும் இந்நாவலின் தலைப்புக்குப் பொருள் காண இயலாது. அவிழ்க்க முடியாதபடி சிக்கிக்கொண்ட முடிச்சுக்குக் கதைநாயகனின் மனைவி அனிதாவும் அவள் தம்பியும் சிறுவயதில் இட்டுக்கொண்ட பெயர் அது. இங்கே அந்த முடிச்சுக்குக் குடும்பம் என்று பெயர்.

தந்தை தேயிலை விற்பனையாளர். கணக்கு உதைத்த நாளில் சிறு வீட்டில் எல்லோரும் கூடியமர்ந்து பிழையைத் தேடுகின்றார்கள். வறுமையிலும் அங்கே ஓர் ஒற்றுமை இருந்தது. வேலை போனபின் அவருக்குக் கிடைத்த பணமே சித்தப்பாவின் ‘சோனா மசாலா’வுக்கு முதலாகின்றது, செல்வம் குவிகின்றது. மகனோ பெயரளவில் இயக்குநர். அவனுக்குப் பணி ஏதுமில்லை. ஒருநாள் ஒரு பெண், தான் சமைத்த குழம்புடன் சித்தப்பாவைத் தேடி வாசலுக்கு வருகின்றாள். வீட்டுப் பெண்களே அவளை ஏசி விரட்டுகின்றார்கள். தேடி வரப்பட்டவர் வெளியே தலைகாட்டவுமில்லை. இது முறையா என்று கேட்டவள் ஐதராபாத்திலிருந்து வந்த மருமகள் அனிதா ஒருத்தியே. அவளுக்கு நேர்ந்தது என்ன என்பதை ஆசிரியர் சொல்லவில்லை, அஞ்சும்படி விட்டுவிடுகின்றார்.

இது கன்னடர் வீட்டுக் கதை, நமக்கென்ன என்பார் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கின்றோம். சம்பாதிப்பவர் தவறு செய்தால் வாய்மூடி இருப்பது நம் வீடுகளில் இல்லையா? வந்த மருமகள் நியாயம் கேட்டால் ‘குடும்பத்தைப் பிரிக்க வந்தவள்’ என்று பட்டம் சூட்டுவது தமிழில் இல்லாத வழக்கா? ஒரு வீட்டுப் பேச்சு மறுவீட்டில் கேட்கும்படி சுவரோடு சுவர் ஒட்டி வாழும் இந்தத் தெருக்களில், அழுகுரலை மட்டும் கேளாதவர்போல் வானொலியை உரக்க வைத்தவர் எத்தனை பேர்! அயல்மொழி நாவலைக் கண்ணாடியாகக் கொள்வதில் நமக்கு இழுக்கில்லை. முகத்தைக் கழுவாமல் கண்ணாடியைக் குறைசொல்வதே இழுக்கு.

வீட்டு அழுக்கை அம்பலத்தில் அலசுவதா இலக்கியம் என்பது அடுத்த வாதம். 1966-இல் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ வெளிவந்தபோதும் இக்கூக்குரல் எழுந்தது. கூக்குரல் அடங்கிவிட்டது, நாவல் நிற்கின்றது. இவ்வாதத்தை ஒப்புக்கொண்டால் நாம் முதலில் இழக்க வேண்டியது சிலப்பதிகாரத்தை அன்றோ? மனைவியைப் பிரிந்து பொருளையெல்லாம் தொலைத்த கணவனின் கதையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நாம், நம் காலத்து வீட்டைப் பற்றி எழுதினால் மட்டும் முகம் சுளிப்பது என்ன நியாயம்?

முடிவைத் தெளிவாகச் சொல்லாதது குறை என்பாரும் உண்டு. நாம் அதனை நிறையென்றே கொள்வோம். பழைய வீட்டில் எறும்புகளை இரக்கமின்றி அழித்தொழித்த கைகளை ஆசிரியர் முன்பே காட்டிவிட்டார். இடையூறு என்று கருதியதை அழிக்கப் பழகிய கைகள் எங்கே நிற்கும் என்பதை ஊகிக்கும் பொறுப்பு நம்முடையது. தீங்கைச் செய்தவர் ஒருவராக இருக்கலாம். அறிந்தும் அறியாதவர்போல் காப்பி அருந்திக்கொண்டிருப்பவர் குற்றமற்றவர் ஆகிவிடுவாரா?

2005-இல் இயற்றப்பெற்ற குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டுமன்றிச் சொல்லால் வதைப்பதையும், பொருளாதார வகையில் ஒடுக்குவதையும் வன்முறை என்றே வரையறுக்கின்றது. சட்டம் வாசல்வரை வந்துவிட்டது. ஆயினும் வாசற்கதவை உள்ளிருந்து திறப்பார் வேண்டும். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற அச்சத்தால் அதனைத் தாழிட்டு வைத்திருப்பவர்கள் நாம்தாம்.

குடும்பம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அயலூரில் நம்மைத் தாங்கியது அதுவே. ஆனால் நியாயம் கேட்பவரை வெளியேற்றித்தான் ஒற்றுமை நிலைக்கும் என்றால், அதற்கு ஒற்றுமை என்று பெயரிடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும். இந்நூலை வாங்குங்கள், மாமியாரும் மருமகளும் மகனும் ஒன்றாக அமர்ந்து படியுங்கள். படித்து முடித்தபின் வீட்டில் யார் பேசாதிருக்கின்றார்கள் என்று பாருங்கள். அவர்களை முதலில் பேசவிடுங்கள்.