கைத்தொழிலைக் கடைச்சரக்கு ஆக்கலாமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்துவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரே கேள்விதான். "புள்ளய எதுல சேக்கிறது?" அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா விடியுமுன்னே தொழிற்சாலை பஸ் ஏறுகிறவர். ஆறாம் படிவத்துக்குப் போகும் அளவுக்குத் தேர்ச்சி இல்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். கையில் பளபளப்பான தாள். "காசு ஒண்ணும் வேணாம்மா, லோன் கெடைக்கும். இங்க ஒரு சைன் போட்டாப் போதும்!"

அந்த ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேச வேண்டியிருக்கிறது.

உலு திராம் வட்டாரத்தில் முதலில் ரப்பர், பிறகு செம்பனை. இன்று கோத்தா திங்கி சாலையில் போனால் தாமான்களும் தொழிற்சாலைகளும் கடைவீடுகளும்தான் கண்ணில் படுகின்றன. தோட்ட வேலை போனால் குடியிருக்கும் வீடும் போகும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு நிலம் இல்லை, கடை இல்லை. இருப்பது இரண்டு கைகள். அந்தக் கைகளுக்கு ஒரு தொழில் வேண்டும்.

அந்தத் தொழிலைக் குறைந்த செலவில் கற்றுக் கொடுக்கத்தான் 1964இல் கோலாலம்பூரில் முதல் தொழிற்பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில் பாசிர் கூடாங்கில் ஒன்று இருக்கிறது. ஐ.எல்.பி. என்றால் எல்லாருக்கும் தெரியும். பத்து பகாட்டில் அதற்கும் மேல்நிலைப் பயிற்சி உண்டு. இவை மனிதவள அமைச்சின் கீழ் உள்ளவை. எல்லா இனத்துப் பிள்ளைகளும் போகலாம். 1966இல் அமைந்த மாரா, பூமிபுத்ராக்களின் முன்னேற்றத்துக்கென்றே அமைந்தது. அங்கே நமக்கு இடம் தேடுவது கடினம். ஆகவே மனிதவள அமைச்சின் கதவும் குறுகினால் நம் பிள்ளை எங்கே போவான்?

தனியார்மயம் என்றால் ஏலம் போட்டு விற்பது மட்டும்தான் என்று நினைத்து ஏமாற வேண்டாம். கட்டடம் அப்படியே நிற்கும், கொடியும் பறக்கும். ஆனால் இடங்கள் கூடாது. பழுதான இயந்திரத்துக்குப் பதில் வராது. ஓய்வு பெற்ற ஆசிரியரின் நாற்காலி காலியாகவே கிடக்கும். இடம் கிடைக்காத பிள்ளை கடனைத் தலையில் தூக்கிக்கொண்டு தனியார் நிலையத்துக்குப் போவான். சத்தமில்லாமல் நடக்கும் தனியார்மயம் இதுதான்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதா? 1983இல் தனியார்மயக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1990இல் மின்சார வாரியம் கம்பெனியானது. 1992இல் ரயில்வே கம்பெனியானது. 1997இல் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு வேலை குத்தகைக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த வேலைக்குப் போன நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். "கன்ட்ராக்ட் மாறுனா நாங்களும் புதுசுதான்" என்பார்கள். பத்து வருடம் கூட்டினாலும் பழைய ஆள் ஆக முடியாது.

தொழிற்பயிற்சி லாபத்துக்கு ஒத்துவராது என்பதற்குக் காரணம் பட்டறையிலேயே இருக்கிறது. வெல்டிங் பழகும் பையன் கட்டுக் கட்டாக ராடை எரித்தால்தான் கை நிற்கும். நூறு இரும்புத் துண்டைக் கெடுத்த பிறகுதான் நூற்றோராவது துண்டு உருப்படியாக வரும். லாபம் பார்க்கிறவன் முதலில் குறைப்பது அந்த ராடையும் இரும்பையும்தான். பிறகு செலவு கூடிய லேத்தை ஓரங்கட்டிவிட்டு, நாற்காலியும் கணினியும் போட்டாலே நடத்திவிடக்கூடிய வகுப்பைத் திறப்பான். பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் போய் நின்றால் தாளைப் பார்க்க மாட்டார்கள், ஒட்டிய ஒட்டைப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டுக் கதையையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் தொழிற்கல்விக் கடனைத் தனியார் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டார்கள். இலவச மடிக்கணினியைக் காட்டி ஏழை எளியவர்களிடம் கையெழுத்து வாங்கியவர்கள் உண்டு. 2015இல் மட்டும் அந்தக் கடன் 290 கோடி டாலர். 2016 முடிவில் திட்டத்தையே மூடினார்கள். ஏமாந்தவர்களின் கடனைத் தள்ளுபடி செய்ய 2019இல் தனி ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. இந்தியாவில் 2007இல் 1,396 அரசு ஐ.டி.ஐ.களைத் தனியார் கூட்டோடு நடத்தும் திட்டம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். தொழிலதிபர் தலைமையில் ஒரு குழு, 20 விழுக்காடு இடம்வரை அந்தக் குழுவின் கையில். அரசுப் பள்ளியே கடன்காரன் ஆனால், அதைக் கட்ட யாரிடம் கை நீட்டும்?

"தனியாருக்குத்தான் தொழிற்சாலையின் தேவை தெரியும்" என்கிறார்கள். நல்லது. அப்படியானால் தொழிற்சாலைகள் தங்கள் வாசலைத் திறக்கட்டும். பட்டறையில் பெரும்பகுதியும் வகுப்பில் மீதியுமாகப் பயிலும் இரட்டைப் பயிற்சி முறை 2005 முதல் இந்நாட்டில் உண்டு. அதில் நம் பிள்ளைகளைக் கூப்பிடட்டும். நல்லபடி நடத்தும் தனியார் நிலையங்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அரசின் கடமையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்கிறோம். குறைந்தபட்சச் சம்பளமே 2025இல்தான் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போகுமுன்னே ஆயிரக்கணக்கில் கடன்பட வேண்டுமா?

பெற்றோர்களே, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நிலையத்துக்கு, அந்தப் பயிற்சிக்கு, அந்த நிலைக்குத் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் யார் பெயரில், பாதியில் நின்றால் யார் கட்டுவது என்று கேளுங்கள். பட்டறையைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். முதலில் அரசு நிலையத்துக்கு மனு போடுங்கள். இடம் இல்லை என்றால் அந்தப் பதிலைக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். நாலு கடிதம் சேர்ந்தால் அது கோரிக்கை, நாற்பது சேர்ந்தால் அதுவே சாட்சி.

அந்தச் சாட்சியோடு சங்கமும் கோயில் கமிட்டியும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போகட்டும். அரசு நிலையங்களில் இடத்தைக் கூட்டு, விடுதியைக் கூட்டு, தோட்டத்துக்கு பஸ் விடு என்று கேட்கட்டும்.

நம் பாட்டன் கடன் சீட்டோடு கப்பல் ஏறி வந்தான். பேரனும் கடன் சீட்டோடுதான் பட்டறைக்குள் நுழைய வேண்டுமா? கூடாது என்கிறோம் நாம்.