துட்டி வீட்டில் ஸ்தோத்திரம்

துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. அழுகிறவளை அவர்கள் அழவிட மாட்டார்கள். "எல்லாம் கர்த்தருடைய சித்தம் அம்மா, ஒரு ஸ்தோத்திரம் சொல்லு" என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் குழியில் போட்ட மண் இன்னும் அவள் விரலிடுக்கில் இருக்கிறது. அதற்குள் அவளிடம் நன்றி கேட்கிறார்கள்! கடன்காரன்கூட இரண்டு நாள் பொறுத்துத்தானே ஐயா வருவான்?

இதைப் பக்தி என்று ஒப்ப என்னால் முடியாது.

'கிறிஸ்தவனல்லாத உனக்கு இதில் என்ன பேச்சு?' என்று கேட்கலாம். நான் கதை எழுதுகிறவன். பைபிளைக் கதைகளுக்காகவே பலமுறை வாசித்தவன். அதில் யோபுவின் சரித்திரம் இருக்கிறது. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த யோபு, முதலில் கர்த்தரை ஸ்தோத்திரித்தது உண்மை. நம்முடைய ஆறுதல்காரர்கள் அந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதன்பிறகு பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறான். அவனைத் திருத்த வந்த மூன்று நண்பர்களோ கடவுளுக்காக வாதாடுகிறார்கள். 42-ஆம் அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது யாரை? அந்த நண்பர்களை. சரியாகப் பேசினவன் யோபுதான் என்று தீர்ப்பாகிறது. இவ்வளவையும் படித்துவிட்டு அந்த மூவர் போட்ட வேஷத்தையே போடத் துணிகிறவர்களை என்னென்பது!

பவுலைச் சாட்சிக்கு அழைப்பார்கள். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொன்னவர் அவரல்லவா என்பார்கள். அழைக்கட்டும். பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினார்கள். பாடினவர்கள் சிறைக்கு உள்ளே இருந்தவர்கள். சிறைக்கு வெளியே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கம்பி வழியாக, "பாடு தம்பி, பாடு" என்று ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நடந்ததை யாரும் பிரசங்கிக்கக் காணோம். அதிகாரிகள் ஆளனுப்பி, 'சந்தடியில்லாமல் போய்விடுங்கள்' என்றார்கள். பவுல் மறுத்துவிட்டார். விசாரணையில்லாமல் ரோமப் பிரஜைகளை அடித்தவர்கள், தாங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். வந்தார்கள், பயந்துபோய்க் கெஞ்சினார்கள்.

ராத்திரி துதித்த வாய்தான் காலையில் நியாயமும் கேட்டது. வெடிமருந்து ஆலையில் மகனைக் கருகக் கொடுத்தவளிடம் போய், "தேவசித்தம், ஸ்தோத்திரம் சொல்லு" என்றால், அதனால் மனம் குளிர்கிறவர் யார்? ஆலை முதலாளி!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் கடல் ஊருக்குள் வந்து யாத்திரிகர்களை நூற்றுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போயிற்று. நாகை மாவட்டம் முழுவதிலும் மாண்டவர்கள் 6,000 பேருக்கு மேல். பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. அந்த அற்புதத்துக்காக நன்றி சொன்னவர்கள் பலர். உள்ளே நின்று உயிர் தப்பியவன் தன் உயிருக்காக நன்றி சொன்னால், அது அவன் நெஞ்சிலிருந்து வந்தது, தலைவணங்குகிறேன். ஆனால் தூரத்து ஊரில் பத்திரமாக இருந்துகொண்டு, கட்டடம் தப்பியதைக் காட்டி மெய்சிலிர்த்தார்களே, அவர்கள் மணலில் கிடந்தவர்களுக்கு என்ன பதில் வைத்திருந்தார்கள்?

அப்படியானால் கஷ்ட நாளில் நன்றி என்பதே பொய்யா, அடிமைப் புத்தியா? அப்படிச் சொல்லும் மேதாவிகளோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போரின் நடுவே, 1637-இல் கொள்ளைநோய் வந்தபோது, அவர் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. உலகமெங்கும் தேவாலயங்களில் பாடப்படும் நன்றிப் பாட்டு ஒன்று அவர் எழுதியதுதான். சாப்பாட்டு மேஜையில் சொல்லும் சின்ன ஜெபமாக எழுதினாராம். சாப்பாட்டுக்கு நன்றி! பிளேக்குக்கு அல்ல.

இயேசுவும் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்துத்தான் நன்றி சொன்னார். அன்றிரவே தோட்டத்துக்குப் போய், வரப்போகிற பாடு தம்மைவிட்டு நீங்கக்கூடாதா என்று வியர்வை சொட்ட மன்றாடினார். ஆணிக்காக அவர் ஸ்தோத்திரம் சொன்னதாக நான்கு சுவிசேஷக்காரர்களில் ஒருவரும் எழுதவில்லை. அவர் கேட்காத நன்றியை அவர் பெயரால் வசூலிக்க இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

துட்டி வீட்டில் அன்று அடுப்பு எரியாது. போகிறவர்கள் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியோ காப்பியோ கொண்டு போகலாம். அவள் பக்கத்தில் உட்காரலாம். அவள் பேசினால் கேட்கலாம். கர்த்தரையே ஏசினாலும் கேட்கலாம். யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள், வாயைத் திறக்காமல், அவனோடு தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.